விலகி நின்றவர்களும் விலக்கி வைக்கப்பட்டவர்களும்

2022 செப்டம்பர் 8 அன்று ஐரோப்பிய மத்திய வங்கி வட்டி விகிதத்தை முக்கால் விழுக்காடு ஏற்றியது. அதே நாளில் டென்மார்க்கின் தேசிய வங்கியும் முக்கால் விழுக்காடு ஏற்றியது. டென்மார்க் யூரோவைப் பயன்படுத்தும் நாடு கிடையாது. அங்கே புழங்குவது குரோனர். ஒரு குரோனர், இரண்டு குரோனர், ஐந்து குரோனர் நாணயங்களின் நடுவில் வட்டமாகத் துளை இருக்கும். கையில் எடுத்தாலே இது வேறு நாட்டுக் காசு என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தக் காசின் மதிப்பு ஒரு யூரோவுக்கு 7.46 குரோனர் என்று கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மேலும் கீழுமாக இரண்டேகால் விழுக்காட்டைத் தாண்டி அது அசையக் கூடாது. 1982 முதல் ஜெர்மன் மார்க்கோடு கட்டியிருந்தார்கள். மார்க் யூரோவானபோது கயிறும் யூரோவுக்கு மாறியது. எனவே ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் ஃபிராங்ஃபர்ட்டில் என்ன முடிவானாலும் பெரும்பாலும் அன்றைக்கே கோபன்ஹேகனிலும் அதுவே முடிவு. ஃபிராங்ஃபர்ட்டின் மேசையிலோ டென்மார்க்குக்கு நாற்காலி இல்லை.

இதைக் காட்டி, யூரோவுக்கு வெளியே நிற்கும் டென்மார்க்கின் சுதந்திரம் வெறும் பெயரளவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. 2000 செப்டம்பர் 28 அன்று டேனிஷ் மக்களிடம் யூரோ வேண்டுமா என்று நேரடியாகக் கேட்டார்கள். அரசும் பெரிய கட்சிகளும் தொழில்துறையும் வேண்டும் என்றன. மக்களில் 53.2 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். குரோனர் யூரோவோடு கட்டப்பட்டிருப்பது அப்போது யாருக்கும் தெரியாத இரகசியமில்லை. நாற்காலியை விட்டுக்கொடுக்கிறோம், ஆனால் கயிற்றை என்றைக்காவது அறுத்துக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் அவர்கள் தெரிந்தே செய்த தேர்வு. அது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி. அவர்கள் எடுத்த முடிவு என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள் ஒரே ஆழத்தில் இணைந்தவையல்ல. 2026 தொடக்கத்தில் பல்கேரியாவும் சேர்ந்த பிறகு யூரோ நாடுகள் 21. எல்லைச் சோதனையில்லாத ஷெங்கன் பகுதியில் ஒன்றிய நாடுகள் 25. அயர்லாந்தும் சைப்ரசும் வெளியே, ஆனால் ஒன்றியத்தில் உறுப்பினராகவே இல்லாத நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஐஸ்லாந்தும் லீக்டன்ஸ்டைனும் உள்ளே. நாடு கடந்த மணமுறிவுகளுக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதற்கான பொது விதியை 2010இல் 14 நாடுகள் மட்டும் சேர்ந்து இயற்றிக்கொண்டன. ஒன்றியத்தின் நிதியில் நடக்கும் மோசடிகளை விசாரிக்கும் பொது வழக்குத் தொடுநர் அலுவலகம் 2021இல் வேலை தொடங்கியபோது ஐந்து நாடுகள் அதில் இல்லை. இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரே குடும்பத்துக்குள் ஆளுக்கொரு கணக்கு என்றால் எல்லோரும் சமம் என்ற பேச்சுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்களின் கவலை நியாயமானதுதான். ஆனால் அவர்கள் தவறான இடத்தில் கவலைப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆழம் வேறுபடுவதில் குற்றமில்லை. எங்கே ஆழம் கூடுகிறதோ அங்கே பதில் சொல்லும் கடமை குறைந்துகொண்டே போயிருக்கிறது. யார் வெளியே நிற்கலாம், யார் வெளியே நிறுத்தப்படலாம் என்பதை அவரவர் பலம் தீர்மானித்திருக்கிறது. என்னை உறுத்துபவை இந்த இரண்டும்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கமே அப்படித்தான். 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூருக்கு அருகே, மோசெல் ஆற்றில் நிறுத்தியிருந்த படகில் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனைகளைக் கைவிடக் கையெழுத்திட்டன. அன்றைய ஐரோப்பியச் சமூகத்தில் பத்து நாடுகள் இருந்தன. மற்ற ஐந்தும் வரும்வரை காத்திருக்க மனமில்லாமல், சமூகத்தின் ஒப்பந்தங்களுக்கு வெளியே தனி ஒப்பந்தமாகவே அதைச் செய்தார்கள். அதனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கும் அதில் வேலையில்லாமல் போயிற்று. அதிகாரிகளின் குழுக்கள் விதிகளை எழுதின. 1999இல் ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது அந்த விதிகள் மொத்தமாக ஒன்றியத்தின் சட்டமாயின. அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட மேசையில் பிரிட்டனும் அயர்லாந்தும் இருந்தன. விலக்குக் கேட்டன, கிடைத்தது. 2004 முதல் வந்த கிழக்கு நாடுகள் அந்த மேசையில் இல்லை. விதிகளை முழுமையாக ஏற்க வேண்டும், ஆனால் பலனைப் பிறகுதான் தருவோம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பழையவர்களுக்கு விலக்கு உரிமையாயிற்று. புதியவர்களுக்குக் காத்திருப்பு கடமையாயிற்று.

டென்மார்க்கின் விலக்குகள் பிறந்த கதை இதைவிட நேர்மையானது. 1992 ஜூன் 2 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டேனிஷ் மக்கள் நிராகரித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.7 விழுக்காடு, வாக்கு வேறுபாடு சுமார் 46 ஆயிரம். எல்லா நாடுகளும் ஏற்றால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும் என்பதால், ஐம்பது இலட்சம் பேர் வாழும் நாடு ஒரு கண்டத்தின் ஏற்பாட்டையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு டென்மார்க்கின் கட்சிகள் செய்ததைக் கவனிக்க வேண்டும். அக்டோபரில் நாடாளுமன்றத்தின் ஏழு கட்சிகள் ஒரு தேசிய உடன்பாட்டை எழுதின. ஒப்பந்தத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த சோசலிச மக்கள் கட்சியும் அதில் கையெழுத்திட்டது. எது வேண்டாம் என்பதை அவர்களே பட்டியலிட்டார்கள்: பொது நாணயம், பொதுப் பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறையில் நாடுகளை மீறிய அதிகாரம், ஒன்றியக் குடியுரிமை. டிசம்பரில் எடின்பரோவில் கூடிய தலைவர்கள் அந்த நான்கையும் ஒப்புக்கொண்டார்கள். 1993 மே 18 அன்று மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. 56.7 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள்.

அன்றிரவு கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் கலவரம் வெடித்தது. முதல் முடிவை ஏமாற்றி மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி இளைஞர்கள் கல்லெறிய, போலீஸ் சுட்டது. 113 குண்டுகள்; குறைந்தது 11 பேருக்குக் காயம். டென்மார்க் போன்ற நாட்டில் குடிமக்களை நோக்கிப் போலீஸ் இப்படிச் சுட்டது எளிதில் மறக்கப்படக்கூடியதல்ல. அந்த இளைஞர்களின் கோபத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அரசுக்குப் பிடித்த பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது ஜனநாயகமாகாது. ஆனால் இரண்டாம் முறை கேட்டது அதே கேள்வியை அல்ல. நான்கு விலக்குகளோடு வந்த வேறு கேள்வி அது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு விலக்கையும் தொடும்போது மக்களிடமே போனார்கள். யூரோ விலக்கைக் கைவிடலாமா என்று 2000இல் கேட்டார்கள். வேண்டாம் என்று பதில் வந்தது. நீதித்துறை விலக்கைத் தளர்த்தலாமா என்று 2015 டிசம்பரில் கேட்டார்கள், 53.1 விழுக்காட்டினர் மறுத்தார்கள். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 2022 ஜூன் 1 அன்று, பாதுகாப்பு விலக்கைக் கைவிடலாமா என்று கேட்டபோது மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே கூடுதலானவர்கள் சரி என்றார்கள். முப்பது ஆண்டுகளாக ஒரு சமூகம் தன் எல்லையைத் தானே அளந்து, சில இடங்களில் அசைந்து, சில இடங்களில் அசைய மறுத்து வந்திருக்கிறது. இந்த ஒழுங்கின்மையை நான் மதிக்கிறேன். யூரோவில் சேர்ந்த பெரும்பாலான நாடுகளில் மக்களிடம் இப்படி ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனி தன் மார்க்கைக் கைவிட்டது நாடாளுமன்ற வாக்கோடுதான்.

நார்வேயை இதோடு ஒப்பிட்டால் இன்னொரு விளிம்பு தெரிகிறது. 1972இலும் 1994இலும் அந்நாட்டு மக்கள் உறுப்பினராவதை நிராகரித்தார்கள். ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தின் வழியாக ஒன்றியத்தின் சந்தை விதிகள் அங்கே தொடர்ந்து வந்து சேர்கின்றன. ஒன்றிய நாடுகளுக்குப் பொருந்தும் சட்டங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு நார்வேயிலும் பொருந்துகிறது என்று அரசு அமைத்த குழு 2012இல் கணக்கிட்டது. ஜனநாயகக் குறைபாட்டையே இந்த ஏற்பாட்டின் பெரிய சிக்கலாகவும் அது சுட்டியது. ஃபாக்ஸ் ஜனநாயகம் என்று அங்கே இதற்குப் பெயர் சொல்வார்கள்: பிரஸ்ஸல்ஸ் அனுப்புகிறது, ஓஸ்லோ பெற்றுக்கொள்கிறது. மக்கள் இருமுறை சொன்ன வேண்டாம் என்ற பதிலை அரசுகள் வெளிப்படையாக மீறவில்லை. அதைச் சுற்றி ஒரு வழியை வைத்துக்கொண்டார்கள். அந்த வழியை மக்களிடம் வாக்குக்கு விடவே இல்லை.

டேனிஷ் விலக்கை நான் மெச்சினேன். ஆனால் மெச்சிவிட்டு நகர முடியாத ஒரு பக்கம் அதற்கு இருக்கிறது. 2002இல் டென்மார்க் குடும்ப இணைப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைத்து வர வேண்டுமானால் இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து டென்மார்க்கோடுள்ள பிணைப்பு வேறெந்த நாட்டோடுள்ள பிணைப்பையும்விட வலுவாக இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். 2003இல் ஒன்றியம் குடும்ப இணைப்புக்கென ஒரு பொது நெறியைக் கொண்டுவந்தது. நீதித்துறை விலக்கு இருந்ததால் அந்த நெறி டென்மார்க்கைக் கட்டவில்லை. இலங்கையிலிருந்து பெண்ணையோ மாப்பிள்ளையையோ எதிர்பார்த்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும், துருக்கி, பாகிஸ்தான், சோமாலியா வழி வந்தவர்களுக்கும் இந்தச் சட்டம் ஒன்றுபோலவே பொருந்தியது. 28 ஆண்டுகளாக டேனிஷ் குடியுரிமை வைத்திருப்பவர்களுக்குப் பிணைப்பு விதியிலிருந்து விலக்குத் தந்தார்கள். அங்கேயே டேனிஷ்காரராகப் பிறந்தவருக்கு 28 வயதில் அது கிடைத்துவிட்டது. முப்பது வயதில் குடியுரிமை பெற்ற ஒருவர் 58 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது பாகுபாடு என்று ஸ்ட்ராஸ்பர்க்கின் மனித உரிமை நீதிமன்றம் சொல்ல 2016 மே வரை ஆயிற்று.

அந்த ஜோடிகள் என்ன செய்தார்கள்? கோபன்ஹேகனிலிருந்து ஓரெசுண்ட் பாலத்தைத் தாண்டினால் ஸ்வீடனின் மால்மோ. பாலம் 2000 ஜூலையில்தான் திறந்திருந்தது. டேனிஷ் குடியுரிமையுள்ள ஒருவர் மால்மோவில் வீடெடுத்துத் தங்கினால், அவர் வேறொரு ஒன்றிய நாட்டில் வாழும் ஐரோப்பியக் குடிமகன் ஆகிறார். தன் துணையை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை ஐரோப்பியச் சட்டத்திலிருந்து அவருக்கு வந்துவிடுகிறது. சொந்த நாட்டில் கிடைக்காத உரிமை, ரயிலில் அரை மணிக்கும் சற்றுக் கூடுதலான பயணத்தில் கிடைத்தது. காலையில் பாலம் தாண்டிக் கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போவது, மாலையில் பாலம் தாண்டித் துணையிடம் திரும்புவது என்று பல வருடங்கள் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2008 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இந்த உரிமையை இன்னும் விரிவாக்கியது. கோபன்ஹேகனில் பெரும் அரசியல் கொந்தளிப்பு. விலக்கை வைத்து மூடிய கதவை, விலக்கில்லாத வேறொரு சட்டம் பக்கவாட்டில் திறந்துவிட்டதே என்ற கோபம் அது.

இதை எப்படி எடைபோடுவது? விலக்கைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாக்குரிமையுள்ள டேனிஷ் குடிமக்கள். சுமையைத் தாங்கியவர்களில் ஒரு பாதி, யாழ்ப்பாணத்திலோ கராச்சியிலோ காத்திருந்தவர்கள். மறு பாதி, வாக்கிருந்தும் எண்ணிக்கையில் சிறுத்தவர்கள். ஒரு நாடு தன் விருப்பப்படி வெளியே நிற்பதற்கு மக்கள் வாக்கு ஒரு நியாயம் தருகிறது. அந்த நியாயம் வாக்களித்தவர்கள் தங்கள்மேல் ஏற்றிக்கொண்ட சுமைகளுக்கு முழுமையாகப் பொருந்தும். வட்டி விகிதம் அப்படிப்பட்டது. அதன் விலையை டேனிஷ்காரர்களே கொடுக்கிறார்கள். அடுத்தவர் தலையில் ஏற்றிய சுமைக்கு அதே வாக்கைச் சாட்சியாகக் காட்ட முடியாது. அங்கே ஒன்றியத்தின் பொதுச் சட்டம் மால்மோ வழியாக வந்து தடுத்தது சரியே என்பது என் முடிவு. சமமில்லாத ஒருங்கிணைப்பு ஒரு குறையை உண்டாக்கியது. அதே சமமின்மைதான் தப்பிக்கும் பாலத்தையும் தந்தது. இதைக் கண்டு தூய ஒற்றுமைவாதியும் தூய இறையாண்மைவாதியும் சங்கடப்படுவார்கள்.

வெளியே நின்றவர்களின் கதை இது. உள்ளே மிக ஆழமாகச் சென்றவர்களிடம் வந்தால் நிலைமை மோசமாகிறது.

2013 மார்ச் 16, சனிக்கிழமை விடியற்காலை. யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் யூரோகுழு பிரஸ்ஸல்ஸில் இரவெல்லாம் பேசி சைப்ரசுக்கு ஒரு மீட்புத் திட்டத்தை அறிவித்தது. சைப்ரசின் வங்கிகளில் பணம் போட்ட அனைவரிடமிருந்தும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வது அதன் ஒரு பகுதி: ஒரு இலட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருப்பவர்களிடம் 9.9 விழுக்காடு, அதற்குக் கீழே 6.75 விழுக்காடு. ஒரு இலட்சம் வரையிலான வைப்புக்கு அரசு உத்தரவாதம் உண்டு என்பது ஒன்றியத்தின் சொந்தச் சட்டம். ஓய்வூதியத்தைச் சேர்த்து வைத்திருந்த மூதாட்டியின் கணக்கும் அதில் தப்பவில்லை. மக்கள் பணப்பொறிகளின் முன் வரிசை கட்டினார்கள். வங்கிகள் பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்தன. 19ஆம் தேதி நிகோசியாவில் நாடாளுமன்றம் கூடியது. எதிராக 36 வாக்குகள். 19 பேர் வாக்களிக்கவில்லை. ஆதரவாக ஒருவர்கூட இல்லை. ஆளுங்கட்சியினர்தான் அந்த 19 பேர்.

ஆறு நாளில் இன்னொரு திட்டம் வந்தது. சிறு வைப்புகளை விட்டுவிட்டார்கள். லைகி வங்கியை மூடினார்கள்; சைப்ரஸ் வங்கியில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வைப்புகளில் கடைசியாக 47.5 விழுக்காட்டை வங்கிப் பங்குகளாக மாற்றினார்கள். இதைப் புதிதாக வாக்கெடுப்புக்கு விடவில்லை. இடையில் நிறைவேற்றிய வங்கிச் சட்டமே போதும் என்றார்கள். வங்கிகள் திறந்தபோது ஒருவர் ஒரு நாளில் 300 யூரோதான் எடுக்கலாம். பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டுப்பாடு 2015 ஏப்ரல் வரை நீடித்தது. ஆக இரண்டு ஆண்டுகள் நிகோசியாவில் இருந்த யூரோவும் ஃபிராங்ஃபர்ட்டில் இருந்த யூரோவும் ஒரே பணமாக நடமாடவில்லை.

சைப்ரஸ் வங்கிகள் நாட்டின் பொருளாதாரத்தைப் போலப் பல மடங்கு ஊதிப்போனதற்கு அந்நாட்டு ஆட்சியாளர்கள்தான் பொறுப்பு. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வங்கிகள் கிரேக்க அரசுப் பத்திரங்களில் இழந்த பெருந்தொகையோ, 2011 அக்டோபரில் யூரோ தலைவர்கள் கிரேக்கக் கடனைக் குறைக்க எடுத்த முடிவின் விளைவு. என் கேள்வி இதற்குப் பிறகு வருகிறது. பணத்தை இழந்தவர்களில் சிலர் இழப்பீடு கேட்டு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது. யூரோகுழு என்பது அமைச்சர்கள் முறைசாராமல் கூடிப் பேசும் இடம். ஒன்றியத்தின் நிறுவனம் அல்ல. எனவே அதன்மேல் இழப்பீட்டு வழக்குப் போட இயலாது. ஐரோப்பிய ஆணையத்தின்மேலும் ஐரோப்பிய மத்திய வங்கியின்மேலும் வேண்டுமானால் போடலாம் என்றது நீதிமன்றம். சட்டத்தின் எழுத்துப்படி இது சரிதான். லிஸ்பன் ஒப்பந்தத்தின் 14ஆம் நெறிமுறையே அமைச்சர்கள் முறைசாராமல் கூடுவார்கள் என்கிறது. ஆனால் ஒரு நாட்டின் வங்கிகள் திறக்குமா திறக்காதா என்பதைத் தீர்மானிக்கும் ஒரு கூட்டத்தை, பொறுப்பு என்று வரும்போது அமைச்சர்களின் கலந்துரையாடல் என்று எப்படிச் சொல்ல முடியும்? நாடுகள் எங்கே மிக நெருக்கமாக இணைந்தனவோ அங்கேதான் யார் முடிவெடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் மங்கிப்போனது.

2015 ஜூன் 27 அன்று இதே யூரோகுழு கிரேக்க அமைச்சர் இல்லாமல் கூடி அறிக்கை வெளியிட்டது. தன்னைத் தவிர்த்துவிட்டுக் கூட முடியுமா என்று கேட்டபோது, இது முறைசாராக் குழு என்பதால் ஒப்பந்தங்கள் அதைக் கட்டாது என்ற பதில் கிடைத்ததாக அந்த அமைச்சர் யானிஸ் வாரூஃபாகிஸ் பின்னர் எழுதினார். ஜூலை 5இல் கிரேக்க மக்களில் 61.3 விழுக்காட்டினர் கடன் தந்தோரின் நிபந்தனைகளை நிராகரித்தார்கள். எட்டு நாள் கழித்து, பல இடங்களில் அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு அரசு ஒப்புக்கொண்டது. 1992இல் டென்மார்க்கின் 50.7 விழுக்காடு ஒரு கண்டத்தை எடின்பரோவில் உட்காரவைத்தது. கிரேக்கத்தின் 61.3 விழுக்காடு எட்டு நாள்தான் தாங்கியது. ஒப்பந்தம் நிறைவேற டென்மார்க்கின் கையெழுத்து தேவைப்பட்டது, கிரேக்கத்துக்கோ பணம் தேவைப்பட்டது என்று விளக்கலாம். உண்மைதான். ஒரு மக்களின் மறுப்புக்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் எந்த வேளையில், எந்தத் தேவையோடு வந்து மறுக்கிறார்கள் என்பதே தீர்மானிக்குமானால், அந்த ஏற்பாட்டை விளக்க முடியும், நியாயப்படுத்த முடியாது.

கடைசியாக, வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ருமேனியாவும் பல்கேரியாவும் 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்தன. ஷெங்கனுக்கான தொழில்நுட்ப நிபந்தனைகள் 2011இல் நிறைவேறின என்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஏற்றது. ஆனால் எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பது சேர்க்கை ஒப்பந்தத்தின் விதி. ஊழல், நீதித்துறைச் சீர்திருத்தம் என்று காரணங்கள் மாறி மாறி வந்தன. ஷெங்கன் விதிகளில் அந்த நிபந்தனைகள் இருந்ததில்லை. 2022 டிசம்பர் 8 அன்று குரோஷியாவுக்கு அனுமதி கிடைத்தது. ருமேனியாவையும் பல்கேரியாவையும் ஆஸ்திரியா தடுத்தது. தன் நாட்டுக்கு வரும் புகலிடம் தேடிகளின் எண்ணிக்கையைக் காரணம் காட்டியது. அடுத்த மாதம் ஆஸ்திரியாவின் கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில் தேர்தல். புகாரெஸ்ட் தன் தூதரை வியன்னாவிலிருந்து ஆலோசனைக்குத் திரும்ப அழைத்தது.

அந்தத் தடையின் பொருளை டான்யூப் நதியின் மேலே பார்த்திருக்கலாம். ருமேனியாவின் ஜுர்ஜுவுக்கும் பல்கேரியாவின் ரூசேவுக்கும் நடுவே 1954இல் திறந்த பாலம். அன்று அதற்கு நட்புப் பாலம் என்று பெயர். இரண்டு கரையும் ஒரே சந்தை, சுங்கவரி கிடையாது, சரக்கைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுநரின் தாள்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக லாரிகள் மணிக்கணக்கில், சில நாள் நாள்கணக்கில் நின்றன. காய்கறி ஏற்றியவர் வெயிலில் குளிர்பெட்டியின் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தார். இதே ஓட்டுநர் ஆஸ்திரியாவுக்கு உள்ளே போய்விட்டால் அங்கிருந்து போர்ச்சுகல் வரை வழக்கமாக யாரும் நிறுத்த மாட்டார்கள். விமானத்திலும் கப்பலிலும் வருபவர்களுக்கு 2024 மார்ச்சில் திறந்தார்கள். நிலவழியைத் திறக்க 2025 ஜனவரி 1 ஆயிற்று. நிபந்தனை நிறைவேறியதற்கும் பலன் கைக்கு வந்ததற்கும் நடுவே பதிமூன்று ஆண்டுகளுக்கு மேல். இரண்டாந்தரக் குடிமக்கள் என்ற சொல் ருமேனிய அரசியலில் அன்றாடப் பேச்சானது இந்த ஆண்டுகளில்தான். ஒன்றியத்தின்மேல் வன்மம் வளர்க்கும் தலைவர்கள் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டது எனக்கு வியப்பளிக்கவில்லை. அவர்கள் சொன்ன எத்தனையோ பொய்களுக்கு நடுவே அந்த ஒரு குறை மட்டும் உண்மையாக இருந்தது.

சட்டப்படி ஆஸ்திரியா செய்தது அனுமதிக்கப்பட்டதே. டென்மார்க் செய்ததும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே. இரண்டையும் ஒருங்கிணைப்பின் வேறுபட்ட அளவுகள் என்று ஒரே பெயரிட்டு ஆய்வாளர்கள் ஒரே அட்டவணையில் வைக்கிறார்கள். அந்த அட்டவணை எனக்கு எப்போதும் உறுத்தல். ஒன்றில் ஒரு மக்கள் தங்களைப் பற்றி முடிவெடுத்தார்கள். மற்றதில் ஒரு மாநிலத் தேர்தலை எதிர்நோக்கிய அரசு, அந்தத் தேர்தலில் வாக்கில்லாத இரண்டரைக் கோடிப் பேரைப் பற்றி முடிவெடுத்தது.

இது பழங்கதையாக முடிந்துபோகாது. 2017 மார்ச்சில் ரோமில் கூடிய தலைவர்கள், தேவைப்படும் இடங்களில் வெவ்வேறு வேகத்தில் செல்வோம் என்று பிரகடனமே செய்தார்கள். அந்த வேறுபாடு தங்களைப் பின்னால் தள்ளவே என்று போலந்து கடைசிவரை சண்டையிட்டது. இன்று உக்ரைனும் மால்டோவாவும் மேற்கு பால்கன் நாடுகளும் வாசலில் நிற்கின்றன. வட மாசிடோனியா 2005 முதல் வேட்பாளர் நாடு; கிரேக்கத்துக்காக 2019இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது; அதன் பிறகு பல்கேரியா தடுத்தது. காத்திருந்தவரே கதவுக்கு உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்கிறார். இப்படிப்பட்ட தடைகளுக்குப் பயந்து, புதிய நாடுகளைத் தொடக்க ஆண்டுகளில் தடுப்பு அதிகாரம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை அண்மையில் பிரஸ்ஸல்ஸில் எழுந்திருக்கிறது. அதில் உள்ள நடைமுறை நியாயம் எனக்குப் புரிகிறது. வாசலிலேயே இருபது ஆண்டு நிற்பதைவிட, உள்ளே வந்து ஒரு அதிகாரம் குறைவாக உட்காருவது மேல் என்று அந்நாடுகளில் பலர் நினைக்கக்கூடும்.

ஆனால் ருமேனியாவின் பதிமூன்று ஆண்டுகளைப் பார்த்த பிறகு, தொடக்க ஆண்டுகள் என்ற சொல்லை நம்பி யாரும் கையெழுத்திடக் கூடாது. எத்தனை ஆண்டு என்பதைச் சேர்க்கை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அந்தக் காலம் முடிந்ததும் முழு வாக்கு தானாக வர வேண்டும். அதை நீட்டிக்கும் அதிகாரம் எந்த ஒரு தலைநகரின் கையிலும் இருக்கக் கூடாது. சேரப்போகும் மக்கள் அந்தக் குறைவை அறிந்து சம்மதிக்கவும் வேண்டும். 2024 அக்டோபர் 20 அன்று மால்டோவா மக்களிடம் ஒன்றியத்தில் சேர்வதை அரசியல் சட்டத்தில் இலக்காக எழுதலாமா என்று கேட்டார்கள். ஆதரவு 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. கரையேற்றியவை வெளிநாடுகளில் வாழும் மால்டோவர்களின் வாக்குகள். அன்று வாக்குச்சீட்டில் இருந்தது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதைப் பற்றிய கேள்வி. தடுப்பு அதிகாரம் குறைந்த உறுப்பினர் பதவியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்படியொரு பதவியைத்தான் தரப்போகிறார்கள் என்றால், அதை எழுதிய தாளோடு தலைநகர் கிஷினாவில் உள்ளவர்களிடமும், இத்தாலியிலும் ஜெர்மனியிலும் வேலை செய்துகொண்டே வாக்களிக்க வரிசையில் நின்றவர்களிடமும் மறுபடி போய்க் கேட்டாக வேண்டும்.